சிறு பணப்பையும் பெரும் பனிமலையும்

சுவிட்ஸர்லாந்து என்ற பெயரைக் கேட்டதும் நம் மனக்கண்முன் வெண்பனி போர்த்த மலைச் சிகரங்கள் தோன்றுகின்றன. அதன் பின்னாலேயே மற்றோர் எண்ணமும் எழுகின்றது. 'அது செல்வர் செல்லும் நாடு. நமக்கு ஏது அந்தப் பேறு?' என்று நினைத்துப் பெருமூச்சு விடுகிறோம். இந்த எண்ணம் முழுவதும் பொய்யன்று. முழுவதும் மெய்யும் அன்று. அதில் எவ்வளவு மெய், எவ்வளவு பொய் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பதே இப்பேச்சின் நோக்கம்.

இன்று இந்திய மாணவர் பல்லாயிரவர் ஜெர்மனியில் உயர்கல்வி பயில்கின்றனர். அவர்களுக்குச் சுவிட்ஸர்லாந்து அண்டை நாடு. அந்நாடு 2008 டிசம்பர் முதல் ஷெங்கன் உடன்படிக்கையைச் செயற்படுத்தி வருகின்றது. ஆதலால் ஜெர்மனியில் தங்குரிமை பெற்றவர் தனி விசா இல்லாமலேயே அங்குச் சென்று வரலாம். கடவுச்சீட்டும் தங்குரிமை அட்டையும் உடன் இருந்தால் போதும். இந்தியாவிலிருந்து நேரே செல்வோர் ஷெங்கன் விசா பெற வேண்டும். அதற்குக் குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்புறுதியும் காட்ட வேண்டும்.

ஜெர்மனியில் பயிலும் ஆராய்ச்சி மாணவர் ஒருவரை நாம் கற்பனை செய்துகொள்வோம். ஜனவரியில் அவருக்கு ஏழு நாள் விடுப்புக் கிடைக்கின்றது. உதவித்தொகையில் மிச்சம் பிடித்த 800 சுவிஸ் பிராங்க் அவர் கையில் இருக்கின்றது. அதற்கு மேல் செலவழித்தால் அடுத்த மாத வாடகைக்குத் தட்டுப்பாடு வரும். இவர் போகலாமா, கூடாதா? போனால் எப்படிப் போவது?

முதலில் ஒரு கேள்வி. ஒரு நாடு விலையுயர்ந்த நாடு என்று சொல்கிறோமே, அதற்கு என்ன பொருள்? அங்குள்ள எல்லாப் பொருள்களும் ஒரே அளவில் விலை கூடியவை என்பதா? அப்படியன்று. சுவிட்ஸர்லாந்தில் மிகவும் விலையுயர்ந்தது மனித உழைப்பு. ஜெனீவா மாநில மக்கள் 2020-ஆம் ஆண்டில் வாக்களித்துக் குறைந்தபட்ச ஊதியத்தை மணிக்கு 23 பிராங்க் என்று நிர்ணயித்தார்கள். உணவு விடுதியில் தட்டுக் கழுவுபவருக்கும் அந்த ஊதியம் உண்டு. இத்துடன் அந்நாட்டு நாணயத்தின் வலிமையும் சேர்கின்றது. 2015 ஜனவரி 15-ஆம் நாள் சுவிஸ் மத்திய வங்கி, யூரோவுக்கு எதிராகப் பிராங்கின் மதிப்பைக் கட்டி வைத்திருந்த வரம்பை நீக்கியதும் பிராங்க் விரைந்து உயர்ந்தது. 2025-இன் பிற்பகுதியில் ஒரு பிராங்க் நூறு ரூபாய்க்கு மேல் மதிப்புப் பெற்றிருந்தது.

இந்த உண்மையை அறிந்துகொண்டால் சிக்கனத்தின் வழி தானே புலப்படும். பிறர் நமக்காகச் சமைத்துப் பரிமாறினால், பிறர் நமக்காகப் படுக்கையை விரித்தால், பிறர் நம்மை மலையுச்சிக்குத் தூக்கிச் சென்றால், அங்கெல்லாம் செலவு மிகும். நம் வேலையை நாமே செய்துகொள்ளும் இடத்தில் செலவு குறையும். காலால் நடப்பதற்கும் கண்ணால் காண்பதற்கும் அங்கே கட்டணம் இல்லை.

உணவை எடுத்துக்கொள்வோம். எளிய உணவு விடுதியில் ஒருவேளைச் சாப்பாடு ஏறத்தாழ 25 பிராங்க் ஆகும். அதே பணத்தைக் கொண்டு சூப்பர் மார்க்கெட்டில் ரொட்டி, பாலாடைக்கட்டி, பால், ஆப்பிள், முட்டை, பாஸ்தா எல்லாம் வாங்கினால் ஒரு நாளைக்கு மேலேயே சாப்பிடலாம். மிக்ரோஸ் என்பது அந்நாட்டின் புகழ்பெற்ற கடைத் தொகுதி. அதன் பிறப்பே சிக்கனத்தில் நிகழ்ந்தது. 1925-ஆம் ஆண்டில் காட்லீப் டுட்வைலர் என்பவர் ஐந்து லாரிகளில் காப்பி, அரிசி, சர்க்கரை, பாஸ்தா, தேங்காய்க் கொழுப்பு, சவர்க்காரம் ஆகிய ஆறு பொருள்களை மட்டும் ஏற்றிக்கொண்டு சூரிச் நகரின் தெருக்களில் விற்றார். இடைத் தரகரை நீக்கி விலையைக் குறைப்பதே அவர் கருத்து. 1941-இல் அந்நிறுவனத்தையே கூட்டுறவாக மாற்றினார். அத்தகைய கடைகளில் நாள் முடியும் தறுவாயிலுள்ள உணவுப் பொருள்களுக்கு மாலை வேளையில் விலையைக் குறைத்துச் சீட்டு ஒட்டுவார்கள். அந்நேரம் பார்த்துச் செல்வது நலம். ஆனால் ஞாயிற்றுக்கிழமையில் கடைகள் மூடியிருக்கும். பெரிய இரயில் நிலையங்களிலுள்ள கடைகளே திறந்திருக்கும். சனிக்கிழமையே வாங்கி வைத்துக்கொள்ளாதவர் ஞாயிறன்று உணவு விடுதிக்குக் கப்பம் கட்ட நேரும்.

அரிசியும் பருப்பும் வேண்டுவோர்க்கும் வழியுண்டு. 1980-களிலிருந்து இலங்கைத் தமிழர் பெருந்தொகையினர் அந்நாட்டில் குடியேறியிருக்கின்றனர். சூரிச், பெர்ன் முதலிய நகரங்களில் தமிழர் நடத்தும் மளிகைக் கடைகள் உள்ளன. சமையலறை உள்ள விடுதியில் தங்கினால் நம் சோற்றை நாமே பொங்கி உண்ணலாம்.

குடிநீருக்கு ஒரு காசும் செலவில்லை. குழாய்த் தண்ணீர் எங்கும் தூயது. சூரிச் நகரில் மட்டும் 1,200-க்கு மேற்பட்ட நீரூற்றுத் தொட்டிகள் இருக்கின்றன. அவற்றில் புட்டியை நிரப்பிக்கொள்ளலாம். குடிக்கலாகாத நீர் என்றால் 'கைன் டிரிங்க்வாஸர்' என்று ஜெர்மன் மொழியில் எழுதி வைத்திருப்பார்கள். அந்த இரண்டு சொற்களை நினைவில் வைத்தால் போதும்.

தங்குமிடத்திற்கு இளைஞர் விடுதிகளே ஏற்றவை. பலர் சேர்ந்து படுக்கும் அறையில் ஒரு படுக்கைக்கு ஓர் இரவுக்கு 50 பிராங்க் அளவில் திட்டமிடலாம். பல விடுதிகளில் காலை உணவும் அதிலேயே அடங்கும். இங்கே பலரும் அறியாத ஒரு சலுகை உண்டு. பாஸல், பெர்ன், ஜெனீவா ஆகிய நகரங்களில் விடுதியில் தங்குவோருக்கு, அவர்கள் தங்கும் நாள்களில் நகரப் பேருந்திலும் டிராமிலும் இலவசமாகச் செல்ல அனுமதிச் சீட்டு வழங்குகிறார்கள். அறையைப் பதிவு செய்யும்போதே இதைக் கேட்டு அறிந்துகொள்ள வேண்டும்.

எந்த நாளில் செல்வது என்பதும் பணக் கணக்கே. கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு முடியும் வரை விலைகள் உச்சத்தில் இருக்கும். பிப்ரவரியில் பள்ளிகளின் குளிர்கால விடுமுறை வரும்போது மறுபடியும் ஏறும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஜனவரியின் நடுப்பகுதியில் பனியும் நிறைந்திருக்கும், கூட்டமும் குறைந்திருக்கும். நவம்பரில் செல்வோர் ஏமாறக் கூடும். பல கேபிள் கார்கள் பழுது பார்ப்பதற்காக அப்போது நிறுத்தப்பட்டிருக்கும். ஜனவரியில் ஒரு குறை உண்டு. பகற்பொழுது ஒன்பது மணி நேரத்திற்குள் அடங்கிவிடும். மாலை ஐந்து மணியளவில் இருட்டிவிடும். எனவே காலையில் சோம்பிக் கிடப்பவர் பாதிப் பயணத்தை இழந்துவிடுவார்.

இனி இரயில் பயணத்தைக் காண்போம். சுவிஸ் இரயில்களின் சிறப்பு வேகத்தில் இல்லை; ஒழுங்கில் இருக்கின்றது. 1982-இல் நாடு முழுவதற்கும் சீரான இடைவெளியில் ஓடும் கால அட்டவணையைக் கொண்டுவந்தார்கள். 2004 டிசம்பரில் அதை மேலும் செம்மைப்படுத்தினார்கள். முக்கிய நிலையங்களில் பல திசை வண்டிகளும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்து சேர்ந்து, பயணிகள் மாறி ஏறியதும் புறப்படுகின்றன. மலைக் கிராமத்துக்குச் செல்லும் மஞ்சள் நிற அஞ்சல் பேருந்தும் இரயிலின் வரவுக்கேற்பக் காத்திருக்கின்றது. ஆகவே தனிக்கார் வாடகை என்ற பெருஞ்செலவு ஒரு மாணவருக்குத் தேவையே இல்லை.

கட்டணச் சலுகைகள் பலவகை. அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க எளிய கணக்கே போதும். அரைக் கட்டண அட்டை என்று ஒன்று உண்டு. அதை வாங்கினால் பெரும்பாலான பயணங்களுக்குப் பாதிக் கட்டணமே கொடுக்க வேண்டும். அட்டையின் விலை 150 பிராங்க் என்று வைத்துக்கொள்வோம். முழுக் கட்டணக் கணக்கில் 300 பிராங்குக்கு மேல் பயணம் செய்பவருக்கே அதனால் லாபம். 280 பிராங்குக்குப் பயணம் செய்பவர் அதை வாங்கினால், சலுகை பெற்றதாக மகிழ்ந்துகொண்டே 10 பிராங்க் நட்டமடைவார். 'சலுகை' என்ற சொல்லைக் கண்டவுடன் கையைப் பணப்பைக்குக் கொண்டு போகாமல், முதலில் பென்சிலை எடுக்க வேண்டும்.

குறிப்பிட்ட ஒரு வண்டிக்கு மட்டும் செல்லும் மலிவுச் சீட்டுகளும், ஒரு நாள் முழுவதும் நாடெங்கும் செல்லும் மலிவு நாள் சீட்டுகளும் உண்டு. இவற்றை முன்கூட்டி வாங்குவோருக்கே விலை குறைவு. நாள் சீட்டை ஆறு மாதம் முன்னதாகவே வாங்கலாம். இருபத்தைந்து வயது நிரம்பாத இளைஞருக்குச் சுவிஸ் டிராவல் பாஸ் என்னும் பல நாள் சீட்டில் தனிக் கழிவும் உண்டு. கிளேசியர் எக்ஸ்பிரஸ், பெர்னினா எக்ஸ்பிரஸ் என்ற பெரிய கண்ணாடிச் சன்னல் வண்டிகளின் புகழை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அவற்றில் இருக்கைப் பதிவுக்குத் தனிக் கட்டணம் கொடுக்க வேண்டும். அதே தண்டவாளத்தின் மீது, அதே பாலங்களையும் சுரங்கங்களையும் கடந்து, சாதாரண வண்டிகளும் ஓடுகின்றன. அவற்றில் அக்கூடுதல் கட்டணம் இல்லை. காட்சி இரண்டிலும் ஒன்றே.

இப்போது ஒரு சிக்கல் எழுகின்றது. சீட்டை முன்கூட்டி வாங்கினால் மலிவு. ஆனால் மலையில் வானிலை எப்படியிருக்கும் என்பது அன்று காலையில்தான் உறுதியாகத் தெரியும். இருநூறு பிராங்க் கொடுத்து 3,454 மீட்டர் உயரத்திலுள்ள யுங்ஃப்ராவ்யோக் நிலையத்துக்குச் சென்று, மேகத்தைத் தவிர வேறொன்றும் காணாமல் திரும்பியவர் பலர். இச்சிக்கலைத் தீர்க்க ஒரு விதி உண்டு. மாறாதவற்றை முன்னதாக வாங்குக; மாறக்கூடியவற்றைக் கடைசியில் வாங்குக. நகரத்திலிருந்து நகரத்துக்குச் செல்லும் நெடுந்தூர வண்டிக்கு வானிலையைப் பற்றிக் கவலையில்லை. அச்சீட்டை முதலிலேயே வாங்கிவிடலாம். மலையேறும் சீட்டை அன்று காலை வாங்க வேண்டும். பல மலையுச்சிகளில் காமிராக்கள் பொருத்தியிருக்கிறார்கள். அங்குள்ள நிலையைக் கைப்பேசியிலேயே பார்த்துவிட்டுப் புறப்படலாம்.

இதில் ஒரு விந்தையும் அடங்கியிருக்கின்றது. குளிர்காலத்தில் சூரிச்சிலோ பெர்னிலோ காலையில் எழுந்து பார்த்தால் பல நாள் வானம் சாம்பல் நிறமாக, பனிமூட்டம் கவிந்து காணப்படும். 'இன்று மலைக்குப் போய்ப் பயனில்லை' என்று புதியவர் அறையிலேயே இருந்துவிடுவார். குளிர்ந்த காற்று கனமானது. அது தாழ்நிலத்தில் வந்து குளம்போல் தேங்கி நிற்கும். அதற்குள்ளேதான் மூட்டம் உண்டாகின்றது. பொதுவாக மேலே செல்லச் செல்லக் குளிர் மிகும் என்று படித்திருக்கிறோம். இத்தகைய நாள்களில் அம்முறை தலைகீழாகி, மேலே வெதுவெதுப்பும் கீழே குளிருமாக இருக்கும். மூட்டத்திற்கு மேலே ஏறினால் நீலவானமும் கதிரொளியும் காத்திருக்கும். காலடியில் மேகக் கடல் பரந்திருக்கும். நகரத்தின் வானத்தைப் பார்த்து மலையின் வானத்தை முடிவு செய்யலாகாது.

நம் மாணவர் எங்கெல்லாம் செல்லலாம்? நாள்தோறும் ஊர் மாறினால் கட்டணமும் கூடும், களைப்பும் கூடும். இரண்டே ஊர்களில் தங்குவது நலம். ஜெர்மனியின் மாதச் சீட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட், பாஸல் நகருக்குள்ளேயே இருக்கும் பாடிஷர் பான்ஹோஃப் நிலையம் வரை செல்லும். அங்கிருந்து பெர்ன் சென்று மூன்று இரவு தங்கலாம். பெர்னின் பழைய நகரம் 1983 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னம். அதன் தெருவோரங்களில் ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நீளத்துக்குக் கல் வளைவுகள் கூரைபோல் அமைந்திருக்கின்றன. பனி பெய்யும் நாளிலும் நனையாமல் நடக்கலாம். ஐன்ஸ்டைன் 1903 முதல் 1905 வரை குடியிருந்த வீடும் அத்தெருக்களில் ஒன்றில்தான் இருக்கின்றது.

பெர்னிலிருந்து ஒரு நாள் கிரிண்டெல்வால்ட் கிராமத்துக்குச் சென்று வரலாம். சாதாரண இரயிலே 1,034 மீட்டர் உயரத்திலுள்ள அவ்வூருக்குக் கொண்டு சேர்க்கும். நிலையத்தை விட்டு வெளியே வந்தால், 3,967 மீட்டர் உயரமுள்ள ஐகர் சிகரத்தின் செங்குத்தான சுவர் கண்முன் நிற்கும். சிகரங்களின் மேலேறி நின்று பார்ப்பதற்குத்தான் பெருங்கட்டணம். அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பதற்குக் கட்டணம் ஏதும் இல்லை. குளிர்காலத்தில் நடப்பதற்கென்று பனியை அழுத்திச் சமன் செய்த பாதைகளும் உண்டு. கோடைக்கால நடைபாதைகளுக்கு மஞ்சள் நிறப் பலகை. குளிர்காலப் பாதைகளுக்கு இளஞ்சிவப்புப் பலகை.

பிறகு நாட்டின் கிழக்கே உள்ள கூர் நகரில் மூன்று இரவு. அங்கிருந்து அல்புலா இரயில் பாதை மலைக்குள் செல்கின்றது. 1903-இலும் 1904-இலும் திறக்கப்பட்ட இப்பாதை, 2008-இல் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டது. 65 மீட்டர் உயரமுள்ள லாண்ட்வாஸர் பாலம் வளைந்து சென்று நேரே ஒரு மலைச்சுவரின் சுரங்கத்துக்குள் நுழையும் காட்சி மறக்க முடியாதது. பெர்க்யூன் என்ற ஊருக்கும் பிரேதா என்ற ஊருக்கும் இடையே உயர வேறுபாடு 400 மீட்டருக்குச் சற்று மேல். அவ்வுயரத்தை ஏறுவதற்கு இரயில் மலைக்குள் சுருள் சுருளாகச் சுற்றிச் செல்கின்றது. குளிர்காலத்தில் அவ்விரண்டு ஊர்களுக்கும் இடையிலுள்ள சாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டு, அதையே சறுக்குவண்டிப் பாதையாக்கிவிடுவார்கள். மர வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு இரயிலில் மேலே சென்று, 6 கிலோமீட்டர் தூரம் பனியில் சறுக்கிக்கொண்டே கீழே வரலாம். ஸ்கீ விளையாட வேண்டுமானால் கருவி வாடகை, பயிற்சியாளர் ஊதியம், மேலேற்றும் இயந்திரக் கட்டணம் என்று ஒரே நாளில் பல நூறு பிராங்க் கரையக் கூடும். சறுக்குவண்டிக்கு ஆசிரியரும் வேண்டியதில்லை; நீண்ட பயிற்சியும் வேண்டியதில்லை.

இதுவரை எதில் சிக்கனம் செய்யலாம் என்று சொன்னேன். எதில் செய்யக் கூடாது என்பது அதனினும் முக்கியம். 1951-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பெரும் பனிச்சரிவுகள் சுவிட்ஸர்லாந்தில் 98 உயிர்களைக் கொண்டு சென்றன. இன்று டாவோஸிலுள்ள பனி ஆராய்ச்சி நிலையம் குளிர்காலத்தில் நாள்தோறும் மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் பனிச்சரிவு அறிக்கை வெளியிடுகின்றது. அபாயத்தை ஐந்து படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். மூன்றாம் படி என்றால் நடுத்தரம்தானே என்று சிலர் எண்ணிவிடுகின்றனர். பனிச்சரிவில் இறப்போருள் ஏறத்தாழப் பாதிப் பேர் அந்த மூன்றாம் படி நாள்களில்தான் இறக்கின்றனர். அடைத்து வைத்த பாதையில் கட்டணமின்றிப் போகலாம் என்று நுழைவது சிக்கனமன்று. உயிரைப் பணயம் வைப்பது. உறைந்த ஏரியின் மீதும் உள்ளூரார் திறந்துவிட்ட பிறகே கால் வைக்க வேண்டும்.

உடை விஷயத்திலும் இவ்வாறே. பருத்தித் துணி வியர்வையில் நனைந்தால் உலராது. உடம்பின் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே கம்பளி, நடுவே தடித்த சட்டை, வெளியே காற்றையும் நீரையும் தடுக்கும் மேலங்கி என அடுக்கடுக்காக அணிய வேண்டும். மேலங்கியைப் பழைய பொருள் விற்கும் 'புரோக்கன்ஹவுஸ்' கடைகளில் மலிவாக வாங்கலாம். ஆனால் வழுக்காத அடியுள்ள காலணியும், பனியின் ஒளியிலிருந்து கண்ணைக் காக்கும் கறுப்புக் கண்ணாடியும் நல்லவையாகவே இருக்க வேண்டும். மலை மீட்புச் செலவையும் ஏற்கும் காப்புறுதி இருக்கின்றதா என்று புறப்படும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். 1952-இல் தோன்றிய ரேகா என்னும் வான்வழி மீட்பு நிறுவனத்தை 1414 என்ற எண்ணில் அழைக்கலாம். 112 என்ற பொது அவசர எண்ணும் உண்டு.

இப்போது கணக்கை முடிப்போம். ஆறு இரவுத் தங்கலுக்கு 300 பிராங்க். ஏழு நாள் உணவுக்கு நாளொன்றுக்கு 20 வீதம் 140. முன்கூட்டி வாங்கிய இரயில் சீட்டுகளுக்கு 240. சறுக்குவண்டிக்கும் ஒரு சிறு காட்சிச் செலவுக்கும் 50. ஆக மொத்தம் 730. மீதி 70 பிராங்க், தொடாமல் வைத்திருக்க வேண்டிய காப்புப் பணம். வண்டி தவறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, பனியால் ஓர் இரவு கூடுதலாகத் தங்க நேர்ந்தாலோ அது உதவும். எதுவும் நேராவிட்டால் கடைசி நாள் மாலையில் ஒரு நல்ல விடுதியில் அமர்ந்து, உருக்கிய பாலாடைக்கட்டியில் ரொட்டியைத் தோய்த்து உண்ணும் 'ஃபோண்டு' என்ற அந்நாட்டு உணவைச் சுவைத்து வரலாம். அதையும் பார்க்காமல் வருவது சிக்கனமன்று, கஞ்சத்தனம்.

ஆகவே நம் மாணவர் தாராளமாகப் போகலாம். பென்சிலும் தாளும் எடுத்து, எது தமக்கு வேண்டும், எது வேண்டாம், எதை விட்டுக்கொடுக்கவே கூடாது என்று மூன்று பத்தி வரைந்து எழுதிய பிறகே போகலாம். அப்படி எழுதிப் பழகியவருக்குச் சுவிட்ஸர்லாந்து மட்டுமன்று, எந்த ஊரும் எட்டாத ஊராக இராது.